ஆறு போதும்

திங்கள் இரவு எட்டு மணிக்கு
கசாப்புக்கூடத்துக்குப் போன் செய்வேன்.
"ஏழு" என்பேன்.
பதினெட்டு வருடமாக அதே எண்.
செவ்வாய் விடியலில் லாரி வரும்.
பாதியாய்ப் பிளந்த உடல்கள் ஏழு
கொக்கியில் ஏறும்.

நெலிதா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
வெள்ளிதோறும் ஒன்றரைக் கிலோ,
விலாக்கறி, கொழுப்பை எடுக்கக் கூடாது.
ஒரு ஜூலை, உறைபனிக் காலம்,
வந்தாள், வாங்கவில்லை.
ரயில்வே கேட்டில் பக்கத்தில் நின்ற மாட்டு லாரி.
பலகை இடுக்கில் ஒரு மூக்கு.
"அனிபால், அது விட்ட மூச்சு
என் ஜன்னலில் படிந்துவிட்டது.
துடைக்கக் கை வரவில்லை."
அவ்வளவுதான் காரணம்.

ஊர் சிரித்தது. நானும்தான்.
இது பம்பாஸ். மனிதரைவிட மாடு அதிகம்.
ஞாயிறு மதியம் எந்தக் கொல்லையிலும் புகை.
இதில் ஒருத்தி வாயைக் கட்டினால்
எந்த மாட்டுக்குத் தெரியப்போகிறது?

ஆனால் நான் கணக்குப் பார்க்கிற ஆள்.
கடை மூடியபின் பொட்டலத் தாளில் எழுதினேன்:
பாதி உடல் நூறு கிலோ,
எலும்பும் கழிவும் போக எழுபத்தைந்து.
வாரம் ஒன்றரை என்றால் வருடத்துக்கு எழுபத்தெட்டு.
வருடம் ஒரு பாதி.
இரண்டு வருடத்தில்
ஒரு முழு மாடு, நாலு காலோடு.

தாளைக் கசக்கிப் போட்டேன்.
மாடு ஒன்றரைக் கிலோ ஒன்றரைக் கிலோவாகவா சாகிறது?
அவள் விட்டதை மறுநாள் விலை குறைத்தேன்,
பெரெய்ரா கிழவர் வாங்கிப்போனார்.
மிஞ்சியதை அரைத்தேன்.
ஏழு ஏழாகவே இருந்தது.

பிறகு பெரெய்ரா செத்தார்.
மருந்துக்கடைக் குடும்பம் ரொசாரியோவுக்குக் குடிபோனது.
விலை ஏறியது, இன்னும் ஏறியது.
நெலிதாவின் தங்கை வீட்டிலும்
வெள்ளிக்கிழமை பூசணிக்காய் என்று கேள்வி.
இந்த மே மாதம் ஒரு திங்கள்
போனில் என் வாய் சொல்லியது:
"ஆறு போதும்."
மறுமுனையில் இருமல். "சரி, ஆறு."
ஏனென்று கூடக் கேட்கவில்லை.

யார் கணக்கில் எழுத அதை?
செத்தவர் கணக்கிலா, போனவர் கணக்கிலா,
துடைக்காமல் விட்ட ஒரு மூச்சின் கணக்கிலா?
தராசு முள் கடைசிக் கல்லுக்குத்தான் அசைகிறது.
முதலில் வைத்த கல்லை உருவிவிட்டு
அசை பார்க்கலாம் என்றால்
அசையுமா?

இதையும் சொல்ல வேண்டும்:
நான் வேண்டாமென்ற ஏழாவது
கப்பலேறி
முகம் தெரியாத ஒருவர் தட்டுக்குப் போயிருக்கலாம்.
கசாப்புக்கூடத்தில் கத்தியைக் கீழே வைத்ததாக
எனக்குத் தகவல் இல்லை.

நெலிதா இன்னும் வெள்ளிதோறும் வருகிறாள்,
சுடுநீர்க் குடுவையும் மாத்தேயுமாக.
போன வாரம் கேட்டாள்,
"என்னால் ஒன்றும் மாறியிருக்காது, இல்லையா?"

ஆமாம் என்பது நாக்கு நுனிவரை வந்தது.
குளிரறைக் கதவைத் திறந்தேன்.
ஆறு.
ஏழாவது கொக்கியில் என் மேலங்கி,
எடுத்துப் போட்டால் முதுகு சில்லிடும்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாத்தே ஆறுகிறது" என்றேன்.