அரைவாசி

தரம் நான்கு, சுற்றாடல், ஆறாம் பாடவேளை.
புத்தகத்தில் மாநகர சபைக்கு அரைப் பக்கம்தான்:
ஒரு கட்டடம், ஒரு கொடி,
மீசை வைத்த ஒருவர் கையசைக்கிறார்.
"இவர் ஆர் ரீச்சர்?"
புத்தகத்துக்கும் தெரியாது.

மேசைகளை இழுத்து ஐந்து வட்டாரம் ஆக்கினேன்.
யன்னலோரம் முதலாம் வட்டாரம், வேப்பங்காற்று.
கதவடி ஐந்தாம் வட்டாரம், மலசலகூட நாற்றம்.
ஐந்தாம் வட்டாரம் உடனே எழுந்து நின்றது.
"இப்பிடிப் பிரிச்சது ஆர்?"
நான்தான்.
"உங்களை ஆர் தெரிவு செய்தது?"
வெண்கட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

சோலைவரி என்றால் மரத்துக்கு வரியா என்றாள் மிதுர்ஷா.
இல்லை, வீட்டுக்கு.
"எங்கடை வீடு வாடகை."
அப்ப வீட்டுக்காரர் கட்டுவார்.
"அவர் கனடாவில. அப்ப எங்கடை ஒழுங்கை லைற்
கனடாக் காசிலயோ எரியுது?"
எரிவதில்லை என்றான் பக்கத்து வீட்டுப் பிறையாளன்,
மாரி தொடங்கினதில் இருந்து.

வரவு செலவுத் திட்டம்: நாற்பது புளியங்கொட்டை.
வடிகாலுக்கு எத்தனை, வீதி விளக்குக்கு எத்தனை,
நாய்களுக்கு ஊசி போட எத்தனை என்று
சண்டை மணியடிக்கும் வரை நீண்டது.
எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்பது.
யூட் அனோஜனின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.
"வறுத்த கொட்டை ரீச்சர், அதுதான்..."
சபை மன்னிக்கவில்லை.
துப்பச் சொன்னது, கழுவச் சொன்னது,
கழுவியதை வடிகால் கணக்கில் சேர்த்தது.

மேயராக வந்தவள் றிஸ்லா,
வகுப்பில் வாயே திறவாதவள்; ஒரு வாக்கால் வென்றாள்.
நன்றி சொல்லு என்றேன்.
நன்றி சொல்லவில்லை. கேள்வி கேட்டாள்.

பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே புளியடி ஒழுங்கை.
இந்தக் கரை மாநகர சபை,
அந்தக் கரை பிரதேச சபை,
நடுவில் தார்,
தாரின் மேல் குப்பை,
குப்பையின் மேல் ஒரு செவலை நாய்.
"அது ஆற்றை குப்பை ரீச்சர்?"

பதினான்கு வருடமாக அந்தப் பாடம் படிப்பிக்கிறேன்.
நாளைக்குச் சொல்லுறன் என்றேன்.

பின்னேரம் தொலைபேசி எடுத்தேன்.
"எந்தக் கரை?" என்றார் எழுதுவினைஞர்.
நடு.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
"நடு எண்டால்... ரெண்டு இடத்துக்கும் கடிதம் போடுங்கோ."

எழுதினார்கள்.
இருபத்தேழு பேரும் வாழ்க்கையின் முதல் கையெழுத்தை
அன்றுதான் கண்டுபிடித்தார்கள்.
அனோஜன் ஒரு மீன் கீறினான்.
"அன்புள்ள ஆணையாளர் மாமா" என்றிருந்தது;
மாமாவை வெட்டினேன்.
வெட்டியது அசிங்கமாகத் தெரிய
மேலே திரும்ப எழுதினேன்.

ஒரு சபை பதில் போட்டது.
'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.'
மேலே ஒரு கோவை இலக்கம்;
அதை வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கினார்கள்.
மற்றச் சபை இன்னும் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை உழவு இயந்திரம் வந்தது.
மதிலில் தலைகள் முளைத்தன.
மண்வெட்டிக்காரர் ஒருமுறை தலைகளைப் பார்த்தார்,
ஒருமுறை ஒழுங்கையைப் பார்த்தார்,
குப்பையைக் கேக் வெட்டுவது போல வெட்டி
இந்தக் கரைப் பாதியை அள்ளிக்கொண்டு போனார்.
நாய் மற்றப் பாதிக்கு மாறிப் படுத்தது.

ஓடி வந்தார்கள், மூச்சு வாங்க:
"சபை வேலை செய்யுது ரீச்சர்!
அரைவாசி!"

அடுத்த பாடம் வீட்டு விலங்குகள்.
மேசைகளைப் பழையபடி வையுங்கோ என்றேன்.
ஒருவரும் அசையவில்லை.
மேயர் என்னைப் பார்த்தாள்,
ஐந்தாம் வட்டாரத்தைப் பார்த்தாள்.
முதலில் வாக்கெடுப்பாம்.