ஆறு எண்ணிக்கை

கத்திரி தொடங்கி ஒன்பதாம் நாள்.
மதியம் பன்னிரண்டரைக்குச் செக்காலை ரோடு
தன் நிழலைச் சுருட்டிக்
கக்கத்தில் வைத்துக்கொள்கிறது.
நகைக்கடன் கவுண்டரில் நான்.
தலைக்கு மேல் ஏசி
பெயருக்கு இருமுகிறது.

டிபன் டப்பாவில் சோறில்லை.
வெள்ளரி இரண்டு, விதையோடு.
கிளிமூக்கு மாங்காய் ஒன்று,
பழுக்க நினைத்துப் பாதியில் மனம் மாறியது.
ஊறின பாசிப்பருப்பு, தேங்காய்ப்பூ,
கொஞ்சம் மாதுளை. அது ஆடம்பரம், ஒப்புக்கொள்கிறேன்.
எலுமிச்சை பிழிந்தாயிற்று.
உப்பு மட்டும் கடைசி நிமிடத்தில்;
முன்னாலேயே போட்டால் வெள்ளரி அழுதுவிடும்.

"சாலட்டா மேடம்? இளைக்கவா?"
நகை மதிப்பிடுகிற அடைக்கலம் கேட்டார்.
இல்லை சார், அடுப்புப் பக்கம் போகாமலிருக்க.
ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார். இன்னொன்று.
மூன்றாவதற்குத் தன் கோழி வறுவலை
ஈடு வைத்தார்.
மீட்க வரவேயில்லை.

ஆறரைக்கு வெயில் இறங்கும், சூடு இறங்காது.
ஜெராக்ஸ் கடை மொட்டை மாடியில்
இரண்டு குடம் தண்ணீர் தெளித்து வைத்திருப்பான்
இன்பராஜ்.
சிங்கப்பூரில் பதினோரு வருடம் குழாய் பொருத்தியவன்.
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
ஏசி இலவசம் என்று ஏதோ ஒரு கூடத்துக்குள் நுழைந்து
ஆட்டத்தோடு வெளியே வந்தவன்.

அவன் ஒட்டிய நோட்டீஸ்:
ஸ்விங் நடனம். வயது தடையில்லை.
ஜோடி வேண்டியதில்லை.
முதல் நாள் மாடியேறி, ஊஞ்சல் எங்கே என்று கேட்டு
இறங்கிப் போனார்கள் நாலு பேர்.
ஐந்தாவதாய் வந்து
கேட்க வெட்கப்பட்டு நின்றுவிட்டவள் நான்.

மெல்ல, அது இரண்டு.
மெல்ல, அது நாலு.
வெடுக் ஐந்து, வெடுக் ஆறு.
இவ்வளவுதான் என்றான்.
இவ்வளவுதானா என்று காலைக் கேட்டேன்.
நாற்பத்தேழு வருடமாய்
பஸ்ஸுக்கு ஓட மட்டுமே தெரிந்த கால்
பதில் சொல்லவில்லை.
ஸ்பீக்கரில் பித்தளை ஊதியது,
ஊர்வலம் முடிந்து மாப்பிள்ளையை இறக்கிவிட்ட
பேண்டு செட்டு
தனக்காக வாசித்துக்கொள்கிற மாதிரி.

நேற்று ஜோடி மாற்றினான்.
எதிரே வந்து நின்றாள் உமையாள்.
அவளை எனக்குத் தெரியும்:
கார்த்திகையில் சோப்புப் போட்டுக் கழற்றிய
வளையல் நாலு, ஐம்பத்தாறு கிராம்,
மூன்றாம் அலமாரி, பச்சைச் சீட்டு.
என்னை அவளுக்கும் தெரியும்.
இடையில் ஒரு கண்ணாடி இல்லாமல்
நாங்கள் நின்றதில்லை.

கையை நீட்டினேன்.
மெல்ல. மெல்ல. வெடுக்.
என் கைக்கு அடியில் குனிந்து சுழன்று
அந்தப் பக்கம் சிரிப்போடு முளைத்தாள்.
"வளையல் கெடந்திருந்தா
உங்களக் கீறியிருக்கும்ல அக்கா."

எண்ணிக்கை எனக்கு எங்கேயோ போயிற்று.
ஏழாவதாய் ஓர் அடி வைத்து
அவள் விரலை மிதித்தேன்.

ஏழு பத்துக்குக் கரண்டும் போனது.
பாட்டு நடுவில் அறுந்தது.
கீழே ஜெராக்ஸ் மெஷின்
பெருமூச்சு விட்டுப் படுத்தது.
ஒருவரும் நிற்கவில்லை.
கணக்கு டீச்சர் அமலோற்பவம் சத்தமாய் எண்ண,
பழக்கடை ரபீக் தொடையில் தட்ட,
பதினாலு செருப்பு ஈரத் தளத்தில்
சொத் சொத்தென்று
மெல்ல, மெல்ல, வெடுக், வெடுக்.
கொப்புடையம்மன் கோயில் பக்கமிருந்து
அன்றைய முதல் காற்று வந்து
யார் முதுகில் முதலில் அமர்வது என்று
குழம்பியது.

பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
மிச்சமிருந்த டப்பாவைத் திறந்தேன்.
வெள்ளரி நன்றாக அழுதிருந்தது.
அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர்,
மாதுளையின் சிவப்போடு.
உமையாள் வாங்கி
அண்ணாந்து குடித்தாள்.
புறங்கையால் வாயைத் துடைத்தபடி
இருட்டைப் பார்த்துச் சொன்னாள்:
"உப்பு சரியா இருக்கு.
நாளைக்கு மாங்கா நான் கொண்டாரேன்."