எட்டடி

டி.எச். ரோட்டுக் கடையில்
கண்ணாடி மேசைமேல் மூன்று டப்பாக்களைப் பரப்பி
இதுதான் மேடம் ஹப், என்றார் முக்தார் பாய்.
எல்லாப் பல்புக்கும் மேஸ்திரி மாதிரி.
பேசினால் எரியும். பாட்டுக்குத் தகுந்தாற்போல் கலர் மாறும்.
துபாயில் இருந்துகொண்டே அணைக்கலாம்.

துபாயில் எனக்கு யாரும் இல்லை.
ஸ்டான்லியில் ரத்தப் பரிசோதனைக் கூடம்,
மதியம் போனால் ராத்திரி பத்துக்கு முடியும்.
வீடு நேதாஜி நகரில், மூன்றாவது மாடி.
உள்ளே எபினேசர். அவனுக்குக் காது கேட்காது.
வெளியே பெல்லை அழுத்தினால்
கட்டிலுக்கு மேலே இருக்கும் பல்பு மூன்று முறை சிமிட்டும்.
எழுந்து வந்து திறப்பான்.
ஐந்து வருஷமாக இப்படித்தான்.

புயல் கரை கடந்த ராத்திரி
ராயபுரம் பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீர்.
செருப்பைக் கையில் பிடித்து வந்து சேர்ந்து
அழுத்தினேன்.
இன்வெர்ட்டர் ஓடியது. பல்புக்கு உயிர் இருந்தது.
வானம் முழுக்க மேகம்.
கம்பெனிக்காரன் சொன்ன அந்த மேகம் மட்டும் இல்லை.

அழுத்தினேன்.
சாவி என் கையில்தான்.
காற்றுக்குப் பயந்து உள்தாழ்ப்பாள் போட்டிருந்தான்.

அப்புறம்தான் ஒரு பையன் விளக்கிச் சொன்னான்:
என் விரலில் கிளம்பும் சேதி
படியிறங்கி, காசிமேடு தாண்டி, கடலுக்கடியில் போய்
பேர் தெரியாத ஊரில் ஏசி அறையில் வரிசையில் நின்று
சம்மதம் வாங்கித் திரும்பி வந்துதான்
எட்டடி தள்ளியிருக்கும் எங்கள் பல்பைத் தொடுமாம்.
கம்பம் சாய்ந்து கேபிள் அறுந்தால்
படிக்கட்டோடு சரி.
என்னைப் போல.

கதவைத் தட்டினேன்.
கேட்கிறவர்கள் எல்லாரும் வந்தார்கள்.
இரண்டாவது மாடிக்காரர், மொட்டைமாடி அறைப் பையன்கள்,
எதிர் வீட்டு டோரதி போர்வையோடு.
எங்க வீட்டுல படு, காலையில பாத்துக்கலாம் என்றாள்.
எனக்கு மனசு வரவில்லை.
டவர் படுத்திருந்தது, மெசேஜ் போகவில்லை.
அடையாள அட்டையைக் கதவடியில் தள்ளிவிட்டு
கடைசிப் படியில் உட்கார்ந்தேன்.
விடியும்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

தூங்கியிருந்தால்கூட ஆறியிருக்கும்.
அவன் தூங்கவில்லை.
ராத்திரி பூராவும் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.
அது சிமிட்டவில்லை,
அதனால் நான் வரவில்லை.
அவன் கணக்கு அவ்வளவுதான்.

பாய், அந்த நெட் பெட்டியைப் பிடுங்குங்க.
எதுக்கு மேடம்?
பிடுங்குங்க, சொல்றேன்.

முதலாவது, ஏழாயிரம் ரூபாய், முட்டை ஓட்டு வெள்ளை,
ஆரஞ்சு நிறத்தில் இரண்டு தடவை விம்மி அடங்கியது.
இரண்டாவது உங்கள் கணக்கில் உள்நுழையவும் என்றது.
எங்கே நுழைவது, அதுதான் பிடுங்கியாச்சே.
மூன்றாவது சோப்பு டப்பா சைஸ்,
கரப்பான் மீசை போல ஒரு ஆன்டெனா,
மூலையில் கீறல் வேறு.
பட்டனை அழுத்தினேன்.
கடை விட்டத்தில் ஒயரில் தொங்கிய பல்பு
ஒன்று, இரண்டு, மூன்று.

பாய்க்கே ஆச்சரியம்.
இதை யாரும் கேக்க மாட்டாங்க மேடம்,
ஆப் பாக்க சுமாரா இருக்கும், இது பேசாது.

பேசாததற்கு எங்கள் வீட்டில் பழக்கம் உண்டு, பாய்.
மூவாயிரத்து எண்ணூறுக்குக் கொடுங்க.

ராத்திரி, ஸ்டூல் போட்டு எபினேசரே மாட்டினான்.
ரூட்டர் ஒயரைத் தானே உருவி
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டான்.
என்னை வெளியே நிறுத்தித் தாழ் போட்டான்.
அழுத்தினேன். திறந்தான். சிரித்தான். மூடினான்.
இன்னொரு முறை என்று விரலைக் காட்டினான்.
பதினோரு தடவை.
டோரதி எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது தடவை
கதவை ஒரு சாண் மட்டும் திறந்து
புருவத்தைத் தூக்கி
கையால் கேட்டான்:

யாரு?