ஏழே கால்

தாம்பெரேயில் மைனஸ் பத்தொன்பது.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றியபடி
கடைக்குள் வருகிறாள் ஹில்க்கா.
காலை ஷிப்ட் டிராம் ஓட்டிய விரல்கள்
உறைக்குள் சுருண்டிருக்கும் கம்பியைத்
தொட்டுப் பார்க்கக் கேட்கின்றன.
கூடாது என்கிறான் ஓஸ்மோ.
பிரித்தால் வாங்கியாக வேண்டும்.

நிக்கல் சுற்றியது நாற்பத்தெட்டு யூரோ.
ஸ்டீல் இரண்டு யூரோ குறைவு.
பட்டையாகச் சுற்றியது எழுபத்தொன்று,
அதில் விரல் நழுவும், கீச்சிடாது.
நாற்பத்தைந்தில் தொடங்கி நூற்றைந்தில் முடியும் தடிமன்கள்
சுவர் முழுக்க, மருந்துக்கடை மாதிரி.

"என்ன சத்தம் வேணும் உனக்கு?"
"கதவு சாத்துற சத்தம்."
"வீட்டுக் கதவா, கார்க் கதவா?"
யோசித்துச் சொன்னாள்:
"ஃபிரிட்ஜ்."

மூன்றையும் வாங்கிவிட்டாள்.
ஸ்டுடியோக்காரன் ஹெட்போனைக் கழற்றி
"செத்துப்போச்சு" என்று சொன்னது
அவளைப் பற்றி அல்ல, கம்பியைப் பற்றித்தான் என்று
மூன்று நாளாகத் தனக்கே விளக்கிக்கொண்டிருந்தவள்.

பழையதைக் கழற்றினாள்.
பதினோரு கோடை,
ஏரிக்கரை நடன மேடையில் சனிக்கிழமை தோறும் டாங்கோ,
வியர்வை, கொசு மருந்து, சாஸேஜ் எண்ணெய்.
கம்பி என்று வாங்கியது
நரம்பாகி இருந்தது.
உருளைக்கிழங்குச் சட்டியில் போட்டு
ஒரு கரண்டி வினிகர் விட்டு வேகவைத்தாள்.
"உப்பு?" என்றான் டிரம்ஸ் ஆர்வோ.
சாவுனாவின் மேல்பலகையில் துண்டு விரித்துக் காயப்போட்டாள்.

கட்டம் போட்ட நோட்டில் அன்று இரவு:

ஆறு மணி. ஸ்டீல்.
ஒவ்வொரு சுரத்தின் நுனியிலும் ஒரு ஸ்பூன் கீழே விழுகிறது.

ஆறரை. நிக்கல்.
பல் இருக்கிறது. கடிக்கவில்லை.

ஏழே முக்கால். பட்டை.
ஃபிரிட்ஜ்தான். ஆனால் உள்ளே ஒன்றும் இல்லாத ஃபிரிட்ஜ்.
கழுத்து வளைகிறது, திருகாணி பார்க்கணும்.

எட்டரை. வேகவைத்த பழசு.
அரை மணி நேரம் இளமை. பிறகு
தன் வயசு ஞாபகம் வந்துவிட்டது அதற்கு.

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து
கேட்டு மதிப்பெண் போட வந்த ஆர்வோ
எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தான்:
"பேஸ் மாதிரிதான் இருக்கு."

மறுநாள் கதவின் கடிதத் துளையில் ஒரு காகிதம்.
நீல மை. அடிக்கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது.

'நேற்றிரவு ஏழே கால் மணிக்கு வாசித்தது பரவாயில்லை.
மற்றவை எதற்கு என்று விளங்கவில்லை.
கே. லெஹ்திமாக்கி, கீழ்வீடு.'

பதினாலு வருஷத்தில்
ரேடியேட்டர் குழாயில் கரண்டியால் தட்டுவதைத் தவிர
வேறு பாஷை பேசாத மனிதர்.

நோட்டைப் புரட்டினாள்.
ஆறரைக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவில்
ஒன்றும் எழுதவில்லை.
ஒரு வெற்று வரிகூட விடவில்லை.

ஏழே காலுக்கு என்ன செய்தாய்?
நிக்கலைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
அடி இரண்டும் பட்டை மாட்டியாயிற்று.
மூன்றாவது? ஞாபகமில்லை.
காபி இறங்கக் காத்திருந்த நேரத்தில்
சோதனை எதுவும் இல்லை என்பதால்
காலைத் தரையில் தட்டிக்கொண்டு
அந்த மெதுவான டாங்கோவை
சும்மா ஒருமுறை, முழுக்க.

ஆர்வோ அப்போது பாத்ரூமில் இருந்தான்.
சாட்சி என்று சொல்ல
தரைக்கு அடியில் இருந்த ஒருவர்தான்.

ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:
ஏழே கால்.
கம்பி: கேள்விக்குறி.
பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை.
அடி இரண்டும் பட்டை, நுனியில் நிக்கல்.
மூன்றாவதை மட்டும் மாற்றுகிறாள்,
வாசிக்கிறாள்,
கழற்றுகிறாள்.
மேஜையெல்லாம் வெட்டிய கம்பி முனைகள்.
ஒன்று குதிகாலில் குத்தி ரத்தம்.

இப்போது பழசில் இருந்து ஒன்று.
வாசித்து முடித்து, கை வைத்து அடக்கி,
குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
வெந்நீர் ஓடும் சத்தம்.
வேறொன்றும் அது இன்னும் சொல்லவில்லை.