நெடுவாக்கில்

பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள்
பலகையை வைத்தது நான்தான்.
கொராஸ்த் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

எழுபது டிகிரி, இரண்டு மணி நேரம்.
கதவைத் திறந்தபோது ஆவிக்குள்
முதுகு வளைந்து கிடந்தது.
மறுநாள் காலை ரொட்டி மேல் கத்தியை வைத்ததும்
பசை போட்ட கோட்டின் வழியே
நெடுவாக்கில்
டப்பென்று ஒரே சொல்.
சத்தமில்லாமல் பிரிகிறவர்கள் உண்டாம்.
பலகையும் அப்படி இல்லை, நாங்களும் அப்படி இல்லை.

கார் எனக்கு, நாய் அவனுக்கு.
வக்கீல் தட்டச்சு செய்த பட்டியலில்
வானொலிகூட இருந்தது.
பாதிப் பலகையை அவன் கொண்டுபோனது
எந்தத் தாளிலும் இல்லை.

என் பாதியின் ஓரத்தில் பீட்ரூட் சாயம்,
நடுவில் பதினோரு வருஷத்துக் கத்தி.
அவன் வெட்டுக்கள் சாய்வாக விழும், என்னுடையவை நேர்.
கண்ணை மூடித் தடவினாலும்
எது யாருடையதென்று விரலுக்குத் தெரியும்.

சோரா ஆற்றுப் பாலத்தடி மருந்துக்கடையில்
பாரஃபின் எண்ணெய் கேட்டேன்.
வெள்ளைக் கோட்டுப் பெண் குரலைத் தாழ்த்தி
‘எத்தனை நாளாக?’ என்றாள்.
‘பதினோரு வருஷம்.’
அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான்
அது எதற்கான மருந்து என்று உறைத்தது.
‘பலகைக்கு’ என்றேன்.
தலையாட்டிவிட்டு
வெந்நீர் நிறையக் குடிக்கச் சொன்னாள்.

முதலில் கல்லுப்பு.
பிழிந்த எலுமிச்சை மூடியால் வட்டவட்டமாகத் தேய்க்க
சாம்பல் நிறத்தில் தண்ணீர் வழிந்தது.
அலசி, துடைத்து, ஓரத்தில் நிற்கவைத்து
இரண்டு நாள் காத்திருந்தேன்.
பிறகு உப்புத்தாள்.
எண்பதாம் நம்பர், நூற்றிருபது, இருநூற்றிருபது.
வழவழவென்று ஆகிவிட்டதே என்று
ஈரத்துணியால் ஒற்றினால்
அடங்கின நார்களெல்லாம் சிலிர்த்து எழுந்தன.
காயவிட்டு, மறுபடி முதலிலிருந்து.

அவனுடைய கோடுகள் சீக்கிரம் போய்விட்டன.
அழுத்தி வெட்டமாட்டான்.
என்னுடையவற்றில் இரண்டு இன்னும் இருக்கின்றன.

எதிர்வீட்டு வீதா தன் கூடுகளிலிருந்து
தேன்மெழுகு தந்தாள், ஒரு பழைய கடுகு டப்பாவில்.
ஆலிவ் எண்ணெய் வேண்டாம், காறிப்போகும்.
முதல் வாரம் தினமும்,
அப்புறம் வாரம் ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை,
அப்புறம் நினைவு வரும்போது.
‘பலகைக்குத்தானே சொல்கிறாய்?’
‘வேறு எதற்கு?’

மார்ச் மாதம் கொராஸ்த் வந்தான்.
பரணில் விட்டுப்போன பனிச்சறுக்குக் காலணிக்காக.
அக்குளில் அவன் பாதி.
‘கோணிக்கொண்டே போகிறது’ என்று மேஜையில் வைத்தான்.
ஆடியது.
வெயிலில் மறந்த செருப்பு மாதிரி நுனிகள் தூக்கியிருந்தன.
மேல்பக்கம் மட்டும் எண்ணெய் பூசியிருந்தான்.
‘மேல்பக்கம்தானே வெட்டுகிறோம்?’

என் பாதியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன்.
பொருந்தவில்லை.
என்னுடையது இப்போது ஒரு நாணயத் தடிமன் குறைவு.
‘ஒட்டலாமா?’ என்றான்.
ஒட்டுவதென்றால் இரண்டு விளிம்பையும்
நேராகும் வரை இழைக்கவேண்டும்.
இரண்டும் இன்னும் கொஞ்சம் குறையும்.
‘இதில் வெங்காயம் வெட்டு,
அதில் நான் ரொட்டி அறுத்துக்கொள்கிறேன்’ என்றேன்.

துணியில் எண்ணெயை ஊற்றித் தேய்த்தேன்.
ஊற்ற ஊற்றக் குடித்தது.
காபி ஆறும்வரை இருவரும்
அது குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

‘எனக்கே புரியவில்லை’ என்றான்,
‘இதைப் போய் அந்த இயந்திரத்தில்
எப்படி வைத்தேன் என்று.’

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் பாதியை அடிப்பக்கம் திருப்பினேன்.
அங்கே ஒரு வெட்டுகூட இல்லை.
துணியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன்.