ஐந்து மதிப்பெண் கேள்வி

நயினார்குளம் மார்க்கெட், விடியக்காலம் மூன்றரை.
பலவேசம் மூட்டையை இறக்கிக்கொண்டே சொல்லுவான்,
நான் துண்டுச்சீட்டில் எழுதுவேன்:
சீனி அவரை நாற்பது கிலோ,
சீனிக்கிழங்கு ஆறு மூட்டை,
பலாக்கொட்டை ஒரு சாக்கு, ஈரம், கழிவு இரண்டு கிலோ.

தராசு ஆடி நிற்கிற இடைவெளியில்
மடியில் தபால்வழிப் பாடப்புத்தகம்.
சனிக்கிழமை பரீட்சை.
சீனா என்னும் பெயர் வந்த விதம் யாது?
ஒரு பக்க அளவில் விடை தருக.

புத்தகத்தின் விடை சுருக்கம்.
மேற்கே சின் என்றொரு சிற்றரசு,
குதிரை வளர்த்தவனுக்குக் கிடைத்த நிலம்.
அது வளர்ந்து ஆறு அரசுகளை விழுங்கி
எல்லா வண்டிக்கும் ஒரே அச்சு,
எல்லாப் படிக்கும் ஒரே அளவு என்றது.
அந்தப் பெயர் ஒட்டகம் ஏறி, தோணி ஏறி
வாய்க்கு வாய் தேய்ந்து சீனம் ஆயிற்று.
ஆயிற்று என்பார்கள் சிலர்.
சின் தலையெடுக்கும் முன்பே
பெயர் புழங்கியது என்பார்கள் சிலர்.
ஐந்து மதிப்பெண்ணில் சந்தேகத்துக்கு எத்தனை என்று
புத்தகத்தில் போடவில்லை.

முதலாமவன் என்று தனக்கே எண் போட்டுக்கொண்டான் அரசன்.
மகன் இரண்டு, பேரன் மூன்று,
பத்தாயிரம் வரைக்கும் வரிசை தயார்.
இரண்டோடு நின்றது.
மொத்தம் பதினைந்தே வருஷம்.
எங்கள் கடைப் பலகை
இருபத்திரண்டு வருஷமாகத் தொங்குகிறது,
‘காய்கறி மண்டி’யில் ‘மண்’ உதிர்ந்தபிறகும்.

அவனுக்கு வெகுகாலம் முந்தி ஷாங்.
ஆமை ஓட்டில் குழி குடைந்து
சூடு வைத்து விரிசல் பார்த்தவர்கள்.
மழை வருமா என்று கேட்டு
கேட்டதை அந்த ஓட்டிலேயே கீறி வைத்தார்கள்.
வந்ததா என்பது சில ஓடுகளில்தான் உண்டு.

ஷாங் தோற்றபின் நிலம் போன சனங்கள்
பண்டம் சுமந்து ஊர் ஊராக விற்றார்களாம்.
வியாபாரிக்கு அங்கே இன்றும்
ஷாங் ஆள் என்றே பேர்.
அதனால்தான் என்று ஒரு கதை.
பலவேசத்திடம் சொன்னேன்.
“அப்ப நம்ம அண்ணாச்சியும் ராஜவம்சம்னு சொல்லுதியளா?”
தோத்த வம்சம் என்றேன்.
“வெளங்கும். நாலு நாள் கூலி நிக்கி.”

நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு படம்.
சின் என்ற எழுத்தின் பழைய உரு:
இரண்டு கை, நடுவே உலக்கை,
கீழே கதிர்.
ஒரு லோடு முழுக்க எழுதாமல் அதையே பார்த்திருந்தேன்.
வேதசர்மா காயப்போட்ட நெல்லைச் சுற்றி
மழை வேலி கட்டி நின்றதாக
எங்கள் ஊருக்கும் பேர்க்காரணம் சொல்லுவார்கள்.
இங்கே நனையாத நெல்.
அங்கே குத்துப்படுகிற கதிர்;
வடக்கே அது தினையாக இருக்கும்,
நெல் என்று எழுதினால் மார்க் போய்விடும்.

இன்னொன்றும் எழுத வேண்டும்.
அந்த நாட்டுக்காரர்கள் அதைச் சீனா என்பதில்லை.
நடுநாடு என்பார்கள்.
சீனா என்பது தூரத்திலிருந்து கூப்பிட்ட பேர்.
என்னைக்கூட இங்கே எல்லோருக்கும் சீட்டக்கா.
திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

சீனிக்கு சரி, சீனச்சட்டிக்கு சரி,
சீனக்காரத்துக்கும் சரி.
ஒரு இனிப்பும் இல்லாத,
மென்றால் லேசாகக் கசக்கிற இந்த அவரைக்கு
யார் வைத்தது சீனி என்று?
பாடத்திட்டத்தில் இல்லை.

ஆலங்குளத்து லோடு வந்துவிட்டது.
பின்பக்கத் தார்ப்பாய் அவிழ்கிறது.
சீட்டில் இடம் குறைவு.
சீ.அ. ஐம்பத்தைந்து.
சீ.கி. நாலு.
வாங்குகிறவனுக்கு அது போதும்,
காசு சரியாக வந்துவிடுகிறது.