காற்றை இறக்குதல்

மிதித்தது என் தப்பு.
மணல் வழிவிடத்தான் செய்தது,
கீழ்நோக்கி மட்டும்.
அச்சு புதைந்தபிறகே காலை எடுத்தேன்.

பின்னால் நாற்பது மூட்டை மத்திக் கருவாடு,
அஷ்கராக் கடற்கரையிலிருந்து
வஹீபா மணலின் ஒட்டகங்களுக்கு.
கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை.
வண்டியை விட்டு நடந்து போகாத
அந்த ஒரு புத்தி மட்டும் மிச்சம்.
பாயளவு நிழலில் சுருண்டு
புட்டி மூடியால் அளந்தளந்து குடித்தேன்.

அஸருக்குச் சற்று முன்
மேட்டின் விளிம்பில் ஒரு பழைய பிக்கப்.
கிட்டே வரவில்லை. கெட்டித்தரை முடியுமிடத்தில் நின்றது.
நடந்து இறங்கினாள் கபீஷா,
முகமூடியின் மூக்குவரம்பு வெயிலில் மின்ன.
பின்னே பத்து வயது மகன்.

"முதலில் அணை."
"எஞ்சின் அணைந்துதான் இருக்கிறது."
"உன்னைச் சொன்னேன், கடல்காரா. உட்கார்.
கேனில் தண்ணீரை வைத்துக்கொண்டே செத்தவர்கள் உண்டு.
குடி."

குடித்தேன். பிறகு மூட்டைகளை இறக்கினோம்.
பதினேழில் எண்ணிக்கை தப்பியது.
வால்வில் குச்சியை அழுத்தினாள்.
முப்பத்தைந்து பன்னிரண்டாகும்வரை சீறி
ஒவ்வொரு டயராய் அடங்கியது.
ஒட்டகம் பாதம் வைத்ததுபோல
ரப்பர் அகன்று படிந்தது.
சக்கரத்துக்குப் பின்னே சாய்வாகத் தோண்டு என்றாள்,
வந்த தடம்தான் வெளியேறும் தடம்.
மண்வெட்டியைவிட வேகமாய் மணல் சரிந்தது.

பட்டையை எடுத்துக்கொண்டு
ட்ரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டைக்குப் போனேன்.
கையைத் தட்டிவிட்டாள்.

"முக்ஷின் பக்கம் ஒருவன் இப்படித்தான் மாட்டினான்.
உருண்டை பிய்ந்து பறந்தது,
இழுத்த வண்டியின் பின்கண்ணாடி வழியாக."
கொஞ்சம் நிறுத்தி,
"காபிக் கோப்பை மட்டும் அப்படியே இருந்தது,
பாதி நிறைந்து."

சட்டத்து வளையத்தில் மாட்டினாள்.
மாட்டியதைக் கையால் இழுத்துப் பார்த்தாள்.
பட்டையின் நடுவே மணல் நிரப்பிய ஒரு சாக்கு,
அறுந்தால் அங்கேயே படுக்க.
மகனைப் பட்டையின் இருமடங்கு தூரத்தில் நிற்கச் சொன்னாள்.
அவன் யாரும் சொல்லாமலே
இன்னும் இருபதடி தள்ளிப் போனான்.

அவளது பிக்கப்பில் எல்லாம் பழசு.
பின்கண்ணாடி மட்டும் புதுசு.
நான் கேட்கவில்லை.

முதல் இழுப்பில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் அடியில் எங்கோ ஒரு முனகல்.
மூன்றாவதில் பட்டை நீண்டது, யோசித்தது,
மணல் என் வண்டியை
வேண்டாம் என்பதுபோல் விட்டது.

காசு வாங்கவில்லை. ஒரு மூட்டை போதும் என்றாள்.
இரண்டு ஏற்றினேன்.
ஒன்றைப் பையன் கீழே தள்ளிவிட்டான்.

தார்ச்சாலை ஓரத்தில் திரும்பக் காற்றடித்தேன்,
டயருக்குப் பதினொரு நிமிடம்.
இருட்டிவிட்டது. தொலைவில், மேட்டின்மேல்
அவளது விளக்கு அசையாமல் நின்றது.
என் விளக்கை இருமுறை சிமிட்டியபிறகே
அது திரும்பியது.

கையெல்லாம் கருவாட்டு நாற்றம்.
நல்ல சாலையிலும்
நெடுநேரம் மிதிக்காமலே ஓட்டினேன்.